நான் கேட்டு வாங்கிய ஒரு நாள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
வியாழக்கிழமை மாலை

அன்பு மருமகள் ரஞ்சனிக்கு, உன் மாமா பெரியகருப்பன் எழுதுவது.

உன்னைப் பெற்ற அப்பச்சி உன்னிடம் விஷயத்தைச் சொல்லி, நீ அழுது, குழந்தைக்கு ஒருமுறை பாலும் கொடுத்த பிறகு இதை உன்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசத்தான் நினைத்தேன். மூன்று தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். திங்கட்கிழமையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். தலையில் பிள்ளையார் சுழி போடவில்லை. போடக்கூடாத கடிதம் இது.

என் பிள்ளை ஆனந்த் போய்விட்டான், ஆத்தா. ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறான், அங்கே சிக்னல் இல்லை என்று, பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிற உன்னிடம் நான் சொன்னதெல்லாம் பொய்.

திங்கள் காலை வழக்கம்போல ரயில் ஏறி போர்ட் கிள்ளான் ஆபீசுக்குக் கிளம்பினான். முதல் நாளே தலை வலிக்கிறது என்றான். விடிய விடியப் பெண்டாட்டியோடு போனில் பேசினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் கேலி செய்தேன். அவனும் சிரித்தான். ஷா ஆலம் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன அம்மா மேல் அப்படியே சாய்ந்திருக்கிறான். அந்த அம்மா கிள்ளான் ஸ்டேஷன் வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். யாரென்று தெரியாது. தெரிந்தால் காலில் விழுவேன். தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டது. ஆபரேஷன் செய்யும் நிலையிலேயே அவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

செவ்வாய் காலை டாக்டர் விஷ்ணுப்ரியா எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். நம் தமிழ்ப் பெண்தான், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மூளை இறந்துவிட்டதுபோல் தெரிகிறது, அதை உறுதிசெய்ய இரண்டு முறை பரிசோதனை செய்யவேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, பக்கத்துப் பெட்டியில் இதயத் துடிப்பு கோடு கோடாக ஓடுகிறது, இது என்ன புதுச் சாவு என்று கேட்டேன். சாலாக் செலாத்தானில் நமக்குத் தெரிந்த பாலன் நாற்பது நாள் கோமாவில் கிடந்து எழுந்து வந்து இன்றைக்கும் கார் ஓட்டுகிறானே என்று சண்டை பிடித்தேன்.

அந்தப் பெண் கோபப்படவே இல்லை. கோமா என்றால் மூளை உயிரோடு இருக்கிறது, தூங்குகிறது, எழுந்திருக்க வழி உண்டு. இது அது இல்லை என்றார். ரத்தம் கசிந்து மூளை வீங்கி, மூளைக்கே ரத்தம் போகாமல் நின்றுவிட்டது. மூச்சு விடு என்று சொல்லும் இடமும் செத்துவிட்டது. மெஷின்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. காற்று போகிறவரை இதயம் கொஞ்ச நாள் தானாகத் துடிக்கும். எழுபது வயதில் எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையே என்றேன். அபூர்வம்தான், ஆஸ்பத்திரியில் இறக்கிற நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் இப்படி, மற்ற எல்லோருக்கும் இதயம் முதலில் நின்றுவிடும், அதனால்தான் ஜனங்களுக்கு இது புரிவதில்லை என்றார். நூறில் ஒன்று ஏன் என் பிள்ளையாக இருக்கவேண்டும் என்று உன் அத்தை கேட்டாள். எந்தப் படிப்பில் இருக்கிறது அதற்குப் பதில்?

முதல் பரிசோதனையை நானும் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். விட்டார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள், பஞ்சால் கருவிழியைத் தொட்டார்கள், காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். சின்ன வயதில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது காதில் ஒரு சொட்டுப் பட்டால் வீட்டையே இரண்டாக்குகிற பிள்ளை. ஒரு இமை அசையவில்லை. கடைசியில் மெஷினைக் கழற்றிவிட்டு, பிராணவாயுவை மட்டும் குழாயில் விட்டு, தானாக மூச்சு எடுக்கிறானா என்று பார்த்தார்கள். பத்து நிமிஷம். நெஞ்சு எழும்பவே இல்லை. விடுடா, ஒரே ஒரு மூச்சு விடுடா என்று எனக்குள்ளே கத்திக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். செவ்வாய் மத்தியானமே எனக்குத் தெரியும்.

உன் அத்தைக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. அவன் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டபோது கட்டைவிரல் மடங்கியது. பாருங்கள், கூச்சம் தெரிகிறது என் பிள்ளைக்கு என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அது முதுகுத்தண்டு தானாகச் செய்வது, மூளை சொல்லி நடப்பதில்லை என்று டாக்டர் விளக்கினார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தாள். நான் தடுக்கவில்லை.

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்லவேண்டியது இருக்கிறது.

அன்று சாயங்காலம் இரண்டாவது பரிசோதனை. அதையும் முடித்துவிட்டால் இறந்த நேரம் என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அந்த நிமிஷம் உன் வயிற்றில் இருந்த பிள்ளை நினைப்பு வந்தது. நான் இதுவரை உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பச்சி ஈப்போவில் இறந்து இருபதாம் நாள் நான் பிறந்தேன். அப்பனை முழுங்கியவன் என்றுதான் எனக்குப் பெயர். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்துக்கு என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் விடுவார்கள். என்னைப் பெற்றவளே கோபம் வந்தால் அதைச் சொல்லியிருக்கிறாள். எழுபது வயதாகிறது, இன்னும் அந்தச் சொல் காதில் கேட்கிறது. என் பேரப்பிள்ளைக்கு அது வரவே கூடாது என்று அப்போது நினைத்தேன். வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

உன் அப்பச்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை தலை திரும்பாததால் அடுத்த வாரம் ஆபரேஷன் என்று குறித்திருந்தார்களே, அதை நாளைக்கே வைக்கச் சொல்லுங்கள், நட்சத்திரம் நன்றாக இருக்கிறது என்று ரஞ்சனியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் அழுதார். "இந்தக் காலத்துல யாரு சம்பந்தி அதையெல்லாம் பாக்குறா? அவகிட்ட சொல்லிருவோம்" என்றார். நான்தான் அதட்டினேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்று ஐம்பது வருஷம் கடையிலும் வீட்டிலும் வாழ்ந்துவிட்டவன் இல்லையா. தயவுசெய்து அவரைக் கோபிக்காதே. நாள் பார்த்து ஆபரேஷன் வைப்பது ஊர் வழக்கம் என்று நீயும் நம்பிவிட்டாய். உன் உடம்பைக்கூட நான் பொய் சொல்லித்தான் கத்திக்குக் கொடுத்தேன்.

டாக்டரிடம் போய், இரண்டாவது பரிசோதனையை ஒரு நாள் தள்ளிவையுங்கள் என்று கெஞ்சினேன். "காத்திருக்கிறதால அவர் திரும்பி வர மாட்டார் அங்கிள். உடம்பும் ரொம்ப நேரம் தாங்காது" என்றார். அவன் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அவள்தான் காத்திருக்கச் சொன்னாள் என்றேன். ஆத்தா, நீ சொல்லாத வார்த்தையை உன் வாயில் வைத்துப் பேசினேன். உன் பெயரைச் சொன்னதும் அவர் சரி என்றார், புதன் சாயங்காலம் வரைக்கும்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் குமுதா வந்தாள். ஆனந்த் மூன்று வருஷத்துக்கு முன்பே போன் ஆப்பில் உறுப்பு தானத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறானாம். எனக்கு அதுவும் தெரியாது. என்னிடம் சொன்னால் சம்மதிக்கமாட்டேன் என்று நினைத்திருப்பான், நினைத்தது சரிதான். இப்படி மூளை மட்டும் இறந்து இதயம் ஓடுகிறபோதுதான் கிட்னி, ஈரல் எல்லாம் கொடுக்கமுடியும், இரண்டாவது பரிசோதனை முடிந்ததும் முடிவெடுக்கவேண்டும், அவர் மனைவியிடம் இரண்டு நிமிஷம் பேசமுடியுமா என்று கேட்டாள். நாளைக்கு அவளுக்குப் பிரசவம், நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரியுமாம்மா அவன் பதிந்தது? நீ பக்கத்தில் இருந்தாயா? சிரித்துக்கொண்டே இரண்டு பேருமாகப் பதிந்தீர்களா? முந்தாநாளிலிருந்து இதையே எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதன் மத்தியானம் உன் அப்பச்சி கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றார். போட்டோவும் வந்தது. காது மடல் அப்படியே நம் வீட்டுக் காது. அவன் படுக்கைக்கு ஓடினேன். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் காதருகே குனிந்து, உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள்டா என்று சொன்னேன். அந்தக் காதில்தான் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். உன் அத்தை போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் அழுதுவிட்டார்கள்.

மூன்று மணியிலிருந்து ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. மருந்து மாற்றி மாற்றி ஏற்றினார்கள். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை. நான் அதட்டினால் கேட்கிற ஆள் ஒருவரும் அந்த அறையில் இல்லை. நாலு இருபதுக்கு இதயமும் நின்றது. இரண்டாவது பரிசோதனைக்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. குமுதா வந்து என் பக்கத்தில் நின்றாள். "இனி கண்ணு மட்டும்தான் அங்கிள் முடியும்" என்றாள். அவளுக்கு என்மேல் கோபம் இருந்திருக்கலாம், காட்டவில்லை. அதற்கும் நேரம் கடந்துவிடும் என்றாள். கையெழுத்துப் போட்டேன். அதையும் உன்னைக் கேட்காமல்தான் போட்டேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. குழந்தை பிறந்தபோது அப்பன் இருந்தான் என்று காகிதம் சொல்கிறது. யாரும் அவளை ஒரு சொல் சொல்லமுடியாது. ஆனால் அவன் செவ்வாய் மத்தியானமே என் கண் முன்னால் போனான். அதற்கப்புறம் அவனிடம் மிச்சம் இருந்தது இன்னொருவர் வீட்டில் ஒரு அப்பனையோ அம்மாவையோ காப்பாற்றியிருக்கும். அவன் கொடுக்க நினைத்ததை நான் கொடுக்கவிடவில்லை. நீ அவன் கையைப் பிடித்து, வீடியோவிலாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அதையும் விடவில்லை. பழைய சொல் ஒன்றுக்குப் பயந்து இத்தனையும் செய்தேன்.

இப்போது அவன் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் நாளைக்கே எடுத்துவிடலாம் என்கிறார்கள். ரஞ்சனி சொல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டேன். வயிற்றில் தையலோடு, பாஸ்போர்ட் இல்லாத பச்சைக் குழந்தையோடு உன்னால் வரமுடியாது என்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் காத்திரு என்றால் எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். போனில் பார்க்கவேண்டும் என்றால் நானே பிடித்துக் காட்டுகிறேன். பார்க்கமாட்டேன் என்றால் அதுவும் சரி. திதி எந்த நாளில் கொடுப்பது என்று ஐயர் கேட்டார். செவ்வாயா, புதனா என்று ரஞ்சனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதையும் நீதான் சொல்லவேண்டும்.

உன் அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவள்மேல் கோபம் வேண்டாம், அவளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. என்னை நீ மாமா என்று கூப்பிடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. திட்டுவதானால் திட்டு. உன் அப்பச்சி வீட்டில் இதுவரை யாரும் என்னைத் திட்டியதில்லை, நீ ஆரம்பித்து வை. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கடிதத்தை முடிக்க வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு எழுதும்போதெல்லாம் தீர்க்க சுமங்கலியாக இரு என்று முடித்துப் பழகிய கை. இப்போது என்ன சொல்லி உன்னை ஆசீர்வதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆத்தா. சாப்பிடு. பிள்ளைக்குப் பால் கொடு.

பெரியகருப்பன்