குருத்துக்குள் மீன் தண்ணீர்

ஜூன் 3

காலையிலேயே புழுக்கம். பின்சந்தில் மரப்பெரணிக்குத் தண்ணீர். மகள் ரேவதி குன்னூரிலிருந்து பஸ் பார்சலில் அனுப்பியது. மலைக்காட்டுச் செடி, முழங்கால் உயரத் தண்டு, ஐந்து ஓலை. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, ஆகாது. கேன் தண்ணீரால் தண்டு முழுக்க நனைக்க வேண்டுமாம். அவள் அம்மா செல்வியிடம்தான் சொன்னாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள், நான் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம். செடியிடம் எனக்கென்ன கோபம்?

சந்தை ஒட்டி கோடவுன் சுவர். வெயில் எட்டிப் பார்க்காது. துணிகூடக் காயாத இடம், இதற்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 7, ஞாயிறு

சங்கரா மீன். செல்வி உப்பு, மஞ்சள் போட்டு அலசிய தண்ணீர் ஒரு சொம்பு, குருத்துக்குள்ளேயே ஊற்றினேன். முருங்கைக்கு ஊற்றினால் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறதே. செல்வி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

ஜூன் 10

நாற்றம். எறும்பு. சுருண்டிருந்த புது ஓலை கறுத்துவிட்டது. செல்வி பூனையைத் திட்டினாள். "காத்துல எங்கிருந்தோ சாம்பல் வந்து படியுது, அதான் கறுப்பு" என்றேன். வாய் கூசாமல்.

மல்லாட்டைக் கடலை வாங்க வேண்டும். கண்ணாடி பிரேம் மாற்ற வேண்டும்.

ஜூன் 11

ரேவதியின் போனை செல்வி ஸ்பீக்கரில் போட்டாள், வேண்டுமென்றே.

"ஞாயித்துக்கெழம அவரையும் இட்டுகினு வரேம்மா. செடி நல்லா கீதா? அப்பா அதையாவது திரும்பிப் பாக்குறாரா?"

அதையாவது. சோறு இறங்கவில்லை. செத்த செடியைப் பார்த்தால் வீம்புக்குக் கொன்றேன் என்றுதான் நினைப்பாள். அதை மட்டும் தாங்க மாட்டேன்.

ஜூன் 12

செல்வி ரேஷன் கடைக்குப் போனதும் நானே போன் போட்டேன்.

"அப்பா?"

"மீன் தண்ணி ஊத்திட்டேம்மா. குருத்துல. நான்தான்."

"உப்பு போட்டு கழுவுனதா?"

"ஆமா."

"ஐயோ. நல்ல தண்ணி ஊத்தி ஊத்தி கழுவி வுடு. கறுத்தத வெட்டாத, வந்து பாக்குறேன். பொழைச்சாலும் பொழைக்கும்." பிறகு, "தெனம் நீயாப்பா தண்ணி ஊத்துற?"

"ரெண்டு வேளையும்."

அந்தப் பக்கம் அழுகிறாள். மாப்பிள்ளை சங்கரா சாப்பிடுவாரா என்று கேட்டேன்.

செல்வி பையோடு வந்து நின்றாள். "யார்கிட்ட பேசிகினு கீற?"

"எம் பொண்ணுகிட்ட" என்றேன்.