வின்னியின் இருமல்

நந்திதுர்க் தங்கச் சுரங்க லைன் வீடுகள்,
1898, நவம்பர் கடைசி

வின்னியின் அப்பாவுக்கு லூயிசா தோத்திரம் சொல்லி எழுதுவது.

நம் பிள்ளை சுகமாயிருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

போன வாரம் அவளுக்குச் சுரம் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கை கால் வலி என்று அழுதாள். பிளேக் நோய் வந்ததிலிருந்து சுரம் என்று கேட்டாலே சர்க்கார் ஆட்கள் ஊருக்கு வெளியே பிளேக் கேம்புக்குக் கொண்டுபோகிறார்கள். எதிர் வீட்டுச் சம்பங்கியின் தங்கை அப்படிப் போனவள், திரும்பவில்லை. பக்கத்து வீட்டு மங்கம்மா ஓடிவந்து, "இன்னா லூயிசாம்மா, கதவத் தொறந்து வெச்சிகினு கீற? ஆளுங்க பாத்தா இஸ்துகினு பூடுவாங்க, மூடு" என்றாள். மூடினேன். நீங்களோ ஜோலார்பேட்டையில், யாரைக் கேட்பேன்?

மறுநாள் லைனைச் சோதிக்க ஆட்கள் வந்த நேரம் பார்த்து வின்னிக்கு இருமல் வந்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு, கண் பிதுங்க என்னைப் பார்த்தாள். ஆட்கள் போய்விட்டார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே நோயாளிகளைப் பார்த்து மருந்து கட்டும் டிரெசர் ஹரோல்ட் ஐயா அவள் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தொட்டுப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிளேக் கட்டி ஒண்ணும் இல்லம்மா. மூக்கு ஒழுகுது, தொண்டை செவந்திருக்கு. சளி ஜொரந்தான்" என்றார். பிறகு ஏன் இந்தச் சூடு என்று கேட்டேன். "உள்ள பூந்த நோயோட அவ ஒடம்பே சண்ட போடுது, அந்தச் சூடு. சளியும் இருமலும்கூட அதத் தொரத்த ஒடம்பு பண்ற வேலதான்" என்று சொல்லி வின்னியின் முதுகைத் தட்டினார். "அடக்காத கண்ணு, நல்லா இருமு." பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து இருமினாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது வியர்த்துச் சுரம் இறங்கிவிட்டது. வாசனைதான் இன்னும் தெரியவில்லை. கருவாட்டுக் குழம்பையும் வெறுஞ்சோறு போலத் தின்கிறாள். மங்கம்மா மிளகு ரசம் கொண்டுவந்து தானே ஊட்டிவிட்டுப் போகிறாள்.

எனக்கும் காலையிலிருந்து தும்மல். பயப்படாதீர்கள், என் உடம்புக்கும் சண்டை போடத் தெரியும்.

எங்களை இங்கிருந்து அழைத்துப்போக வருவதாய் எழுதியிருந்தீர்கள். இங்கே மங்கம்மா இருக்கிறாள், ஆஸ்பத்திரி இருக்கிறது; அழைத்துப்போக வேண்டாம். ரயிலடியில் பிளேக் சோதனை தளர்ந்ததும் நீங்களே வந்து எங்களோடு இருங்கள். கர்த்தர் உங்களைச் சுகமாய்க் கொண்டுவந்து சேர்ப்பாராக. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் வந்துவிடுங்கள். நான் ஒருத்தியாய் முடிவெடுத்தது போதும்.

உங்கள்
லூயிசா