போனஸ் வட்டி வந்துவிட்டது, அக்கா

அக்கா,

இன்று காலை பெரிய மருத்துவமனை வாசலில் ஒரு பயணியை ஏற்றினேன். ஐம்பது வயதுக்குள் இருக்கும். வலது பாதம் முழுக்கக் கட்டு. கதவைச் சாத்தியதுமே புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தின் வாடை கார் முழுக்க நிறைந்துவிட்டது. நான் கண்ணாடிகளை இறக்கினேன். தன்னால்தான் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்காக இல்லை என்றேன். அதே வாடையோடு என் பக்கத்து இருக்கையில் நீ வந்து போன நாட்களை, முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது? அவரை வீட்டில் இறக்கிவிட்டு, அடுத்த சவாரியை எடுக்காமல், சாலையோரம் காரை நிறுத்தி இதை எழுதுகிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் வெகு நாளாகக் கிடக்கிறது.

நீ யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஈப்போ பழைய நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒருவர் கடனை நாளைக்குக் கொடுப்பாரா மாட்டாரா என்பதை அவர் கை கழுவும் விதத்திலேயே சொல்லிவிடுவாய். மணவாழ்க்கை முறிந்து புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், மாதாமாதம் வாடகையில் உன் பங்கை என் மனைவி கையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய்.

அப்படிப்பட்ட உன்னையே மாலதி நம்ப வைத்தாள். எதிர்வரிசைக் கட்டடத்தின் மாடியில் இருந்த சேமிப்புச் சங்கத்தில் அவள் வேலை செய்தாள். மதியம் உன் கடையில்தான் சாப்பாடு. புதிதாக ஒரு வரியில்லாச் சேமிப்புக் கணக்கு வந்திருப்பதாக அவள் சொன்னதும் நீ சிரித்துவிட்டாயாம். "வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் வந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" என்று கேட்டாயாம். ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டாய். மூன்று வருடம், ஒரு மாதமும் விடாமல் கட்ட வேண்டும். நடுவில் எடுக்கக் கூடாது. முடிவில் சாதாரண வட்டியோடு போனஸ் வட்டியும் உண்டு. அந்த போனஸை நம்பித்தான், சொந்தமாக ஒரு சின்ன நாசி லெமாக் சோற்றுக் கடை போடுவதாக எங்களிடம் சொல்ல ஆரம்பித்தாய்.

கடைசி வருடத்தில்தான் ஒரு புதுச் செருப்பு உன் கால்விரலைக் கடித்தது. சர்க்கரை உடம்பு; நாள் முழுக்க நிற்கும் வேலை. ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று கிளினிக்குக்குப் போகாமல் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றாய். விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு, முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார்கள்.

மருத்துவமனையில் சேரப் போன அன்று, வழியில் சங்கத்துக்குப் போகச் சொன்னாய். அந்த மாதப் பணம் கட்ட வேண்டும். கட்டடத்தின் கீழ்க் கதவு பூட்டியிருந்தது. கணினி மாற்றும் வேலை நடக்கிறது, பணம் கட்ட வருகிறவர்கள் உறையில் போட்டுப் பெயரும் கணக்கு எண்ணும் எழுதி வாசல் பெட்டியில் போடவும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நான் இறங்கிப் போட்டேன். நீ காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாய்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

அதன் பிறகுதான் மருத்துவமனைப் பக்கம் வண்டியைத் திருப்ப விட்டாய். அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் நீ அழவில்லை. "எங்க வரைக்கும்?" என்று மட்டும் கேட்டாய். நான் என் காலில் கைவைத்துக் காட்டினேன்.

அதன் பிறகு நாசி லெமாக் கடைப் பேச்சே இல்லை. பெர்ச்சாமில் செயற்கைக் கால் செய்யும் சீனக் கிழவரிடம் போய் அளவு கொடுத்தோம். உனக்குக் கடையில் தினக்கூலிதான்; தொழிலாளர் காப்புறுதிக்கான சொக்சோ பணம் பிடித்ததில்லை, அதனால் அந்த வழியில் உதவி கிடையாது. சமூகநல அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்; பதிலே வரவில்லை. சேமிப்பு முதிர்ந்ததும் அசலில் மருத்துவக் கடன் அடையும், மிச்சம் காலுக்கு முன்பணம், போனஸ் வந்தால் பாக்கி என்று நீயே வகுத்து வைத்திருந்தாய். மறுபடி கல்லாவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை.

அசல் வந்தது. சாதாரண வட்டி வந்தது. போனஸ் வரவில்லை. கேட்டதற்கு, ஒரு மாதம் கட்டத் தவறிவிட்டீர்கள் என்றார்கள். நாம் பெட்டியில் போட்ட பணம் அடுத்த மாதக் கணக்கில் ஏறியிருந்தது.

நான் நேரில் போய்ப் பேசுகிறேன் என்றேன். நீ விடவில்லை. அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. செங்குத்தான பழைய மரப்படி. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாய். கீழ்ப்படியில் மேல்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒரு படி ஒரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினாய். உன் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு நான் உனக்கு ஒரு படி கீழேயே ஏறி வந்தேன். மேலே போனதும் சேலையைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, கோல்களை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றுதான் கதவைத் திறக்கச் சொன்னாய்.

மேலாளர் நம் தமிழ் ஆள்தான். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. அம்மா அம்மா என்றுதான் பேசினார். கணினியில் ஒரு மாதம் விடுபட்டதாகக் காட்டுகிறது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

"நீங்க கதவப் பூட்டி வச்ச நாள அதே கணினி காட்டுதா சார்?" என்று கேட்டாய்.

அவர் ஏதோ தட்டிப் பார்த்தார். அது தலைமையகத்தின் விஷயம் என்றார். விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பக்கத்து மேசையில் மாலதி இருந்தாள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. 

அதன் பிறகு எத்தனை தடவை அந்தப் படியில் ஏறினோம் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் கோப்பு வேறொரு மேசையில் இருந்தது. கால் செய்பவருக்கான பாக்கியை நான் கடன் வாங்கித் தருகிறேன் என்றேன். தெரிந்த ஒரு ஆலோங் இருக்கிறான், கந்துவட்டிக்காரன்தான், ஆனால் உடனே கொடுப்பான் என்றும் சொல்லிப் பார்த்தேன். அன்று நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்போதுதான் அப்பாவைப் பற்றிப் பேசினாய்.

அப்பா வேலை செய்த சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் லயத்தில் குடியிருந்த எல்லோருக்கும் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். அதையும் வெட்டி வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகள் வேறு யாருக்கோ போயின. அப்பா கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை போய்க் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்தார்.

"அப்பா கேக்காமலே செத்தாருடா. நான் கேட்டுட்டுச் சாவுறேன்," என்றாய்.

நீ இதைச் சொன்னது கோபத்தில் இல்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாய். அதன் பிறகு ஆலோங் பேச்சை நான் எடுக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், மறுபடியும் வெறுங்கையோடு படியிறங்கிக்கொண்டிருந்தோம். மாலதி பின்னாலேயே வந்தாள். நீ உட்கார்ந்திருந்த படிக்குப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தப் பெட்டியத் தொறந்தது நான்தான். ஒரு வாரம் பூட்டியே கெடந்துச்சு. மாசம் மாறினதுக்கு அப்பறம்தான் தொறக்கச் சொன்னாங்க. ஒங்க ஒறைய நான் பாத்தேன்."

நான் கத்தியிருப்பேன். நீ என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாய்.

"சொன்னா ஒனக்கு வேல போயிரும்லா?"

அவள் அழுதாள். தலைமையகத்திலிருந்து ஆள் வந்தால் சொல்கிறேன் என்றாள். நீ அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "மொதல்ல வீட்டுல பேசிட்டுச் சொல்லும்மா," என்றாய். காரில் ஏறிய பிறகு உன்னிடம் சண்டை போட்டேன். உனக்கு நியாயம் கிடைக்க ஒரே வழி அவள்தான், அவளைப் போய் யோசிக்கச் சொல்கிறாயே என்று. நீ வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

அவள் சொன்னாள் அக்கா. ஆள் வந்தபோது, மேலாளரை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னாளாம். ஆனால் அந்த வாரம் நீ திரும்பவும் வார்டில் இருந்தாய். மிச்சமிருந்த காலின் குதிகாலில் புண் வந்து, அதன் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. படியேறியதில் உரசி வந்ததா, தானாக வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் எதுவும் காரணமாகலாம் என்றார். மாலதி சொல்லிவிட்டாள் என்பதை உன் காதருகே குனிந்து சொன்னேன். உனக்குக் கேட்டதா தெரியவில்லை. காய்ச்சலில் யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் விடியும் முன் போய்விட்டாய்.

உன் கருமக்கிரியை முடிந்து, சாம்பலை லூமுட் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் சங்கத்திலிருந்து அழைத்தார்கள். போனஸ் வட்டி அங்கீகரிக்கப்பட்டதாம். வாரிசு என்ற முறையில் நான் வர வேண்டுமாம். வாசல்வரை போய்விட்டேன், படியில் கால் வைக்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு ஏறினேன். மாலதியின் மேசையில் வேறொரு பெண் இருந்தாள். மாலதியைத் தைப்பிங் கிளைக்கு மாற்றிவிட்டார்களாம்.

மேலாளர் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட ஒரு தாளைத் தள்ளினார். முழுத் தொகையையும் மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது.

"பெற்றுக்கொண்டேன்னு போடுறேன் சார். மனநிறைவுன்னு போட மாட்டேன்," என்றேன்.

அந்த வார்த்தையை மாற்ற முடியாது, கணினியிலிருந்து வருவது என்றார். நான் பேனாவை எடுத்து அதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.  போட மாட்டேன் என்றபோது என் குரல் உன் குரலைப் போல இருந்தது. எனக்கே அது தெரிந்தது.

நேராகப் பெர்ச்சாமுக்குப் போனேன். கால் தயாராக இருந்தது. கிழவர் பாக்கியை வாங்க மறுத்தார். குழாயையும் பாதத்தையும் வேறு யாருக்காவது பொருத்திவிடலாம், முட்டிக்குக் கீழே மாட்டும் கிண்ணம்தான் உன் அளவுக்கு வார்த்தது, அது யாருக்கும் உதவாது என்றார். நீ பாக்கி வைத்துப் போக மாட்டாய் என்று சொல்லி, பணத்தை அவர் மேசையில் வைத்தேன். குழாயையும் பாதத்தையும் வாங்க முடியாத யாருக்காவது பொருத்தச் சொன்னேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் உன் துணிகளோடு இருக்கிறது.

கிழவரின் அறையில்தான், வேலை முழுக்க முடியும் முன்பே ஒரு தடவை அந்தக் காலைப் போட்டுப் பார்த்தாய். இரண்டு பக்கமும் இருந்த கம்பியைப் பிடித்து எழுந்தாய். முதலில் ஒரு கையை விட்டாய். பிறகு மறு கையையும் விட்டாய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உன்னைக் குனிந்து பார்த்தே பழகியிருந்த நான், அன்று உன் முகத்துக்காக நிமிர வேண்டியிருந்தது. நீ என்னைவிட உயரம் என்பதையே மறந்திருந்தேன். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "நீ இன்னும் வளரவே இல்லடா," என்றாய். கிழவருக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார்.

வாக்குக் கொடுத்தவர்களிடம் கேட்டு நிற்க வேண்டியபோதெல்லாம், அந்த உயரத்திலிருந்து நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அக்கா. நான் தலையைக் குனிவதில்லை.

உன் தம்பி