பக்கத்து சீட்டு

அண்ணா,

உன் பதக்கம் கூரியர்ல வந்துச்சு. கூட ஒரு வரி எழுதி வைக்க உனக்குக் கை வரல. இதை என் தலையில கட்டிட்டா உன் பாரம் இறங்கிடும்னு நினைச்சியா?

வெள்ளத்துல மொட்டைமாடியில மாட்டுனவங்களை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்ததுக்கு உனக்குக் கொடுத்தது. நீயே குத்திக்கோ.

கடைசி நடையில ஹெலிகாப்டர் விழுந்ததுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா? அம்மா ஆரம்பிச்சப்பகூட அவங்க வாயை அடைச்சேன். ஆனா என் வீட்டுக்காரரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போன நாள்லேருந்து நீ இந்த வாசப்படியை மிதிக்கல. டிவியில மட்டும், "எங்க மாப்பிள்ளை மாதிரி துணை விமானி கிடைக்கமாட்டாரு"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிற. அந்தக் கண்ணீரை இங்க வந்து விட்டா ஆகாதா?

உன் மருமக அந்தப் பதக்கத்தை எடுத்து, கதவுக்குப் பின்னாடி தொங்குற அவ அப்பா ஜாக்கெட்டுல குத்திட்டா. "மாமா இதை அப்பாவுக்குத்தானே அனுப்பியிருக்காரு?"ன்னு கேக்கறா.

திருப்பி அனுப்பமாட்டேன். நேர்ல வந்து, அவ முன்னாடி நீயே கழட்டிக்கிட்டுப் போ. போறதுக்கு முன்னாடி, அவர் கடைசியா என்ன பேசினாருன்னு எங்களுக்குச் சொல்லிட்டுப் போ. பக்கத்து சீட்டுல இருந்தவன் நீ ஒருத்தன்தான்.

இன்னமும்
உன் தங்கச்சி