ஊறட்டும் என்கிறார்

பாப்பாரப்பட்டி,
கார்த்திகை 9.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சுகுணா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. பாதி நலம். போனில் பேசும்போது உங்கள் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம்.

முதலில் நீங்கள் கேட்டது. நீங்கள் வேலை பார்க்கும் அயர்லாந்து முதியோர் இல்லத்து நோரா பாட்டி, உங்களைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு தினமும் சொல்லும் ‘ரெட்’ என்ற சொல்லை என் பழைய அகராதியில் தேடினேன். ஆளிச்செடித் தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மற்றதெல்லாம் அழுகி நார் மட்டும் கழன்று வரும்வரை விடுவதற்கு அந்தப் பெயராம். ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முன் டச்சுக்காரர்கள் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்கிறது. அழுகலுக்கு இங்கிலீஷில் இருக்கும் ‘ராட்’ என்ற சொல்லுக்கு இது பங்காளி. நம் ஊரில் ‘ஊறப்போடு’ என்றால் முடிந்தது. வாத்தியாரம்மாவான எனக்கு இதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அகராதியை மடியில் வைத்தபடியே கண் அசந்துவிட்டேன். கனவில் அயர்லாந்தும் நம் குட்டையும் ஒன்றாகக் கிடந்தன. முழங்கால் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. எதிர்க்கரையில் மாமா. இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் மட்டும் மெல்ல அசைந்தது. விழித்த பிறகும் அந்த ஊறல் வாடை போகவில்லை.

இந்த வருடமும் கயிற்றுக்குப் புளிச்சைத் தண்டு ஊறப்போட்டோம். மாமா ஒரு தண்டை உருவி, நகத்தால் கீறிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் இங்கே யாரும் கட்டைக் கரையேற்றுவார்கள். உங்களுக்குத் தெரியாததா? பன்னிரண்டாம் நாள், எடுக்கலாமா என்று அத்தை கேட்டார்கள். “நேத்துதான போட்டம். ஊறட்டும்” என்றார் மாமா. மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த நாளும். அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. இருபதாம் நாள் நானே இறங்கி எடுத்தேன். நார் விரலில் கூழாக வந்தது. அத்தை அவ்வளவையும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, மழைத்தண்ணீர் சேர்ந்து கெட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

மாமாவைத் தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினோம். மறதி போகப் போகக் கூடுமாம். உடம்புக்கு வேறு குறையில்லை. களி இரண்டு உருண்டை சாப்பிடுகிறார். சாப்பிட்டுவிட்டு, இன்னும் சாப்பிடவில்லை என்கிறார்.

இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மறைத்தால் பாவம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உங்களைப் பார்த்து, “நல்லாருக்கியா சாமி” என்று சிரித்தாரே, நீங்களும் சந்தோஷப்பட்டீர்களே. போனை வைத்ததும் என்னிடம், “அந்தத் தம்பி நல்லாப் பேசுது. யாரு வூட்டுப் புள்ளம்மா?” என்று கேட்டார்.

நம்ம வீட்டுப் பிள்ளைதான் மாமா என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எப்போது வருவான் என்றார்.

அத்தைக்கு இது தெரியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு தேதி சொல்லுங்கள். மாமா தினமும் காலையில் கேட்கிறார்.

உங்கள் உடம்பு நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளும்,
சுகுணா