சோதனை நாடாவின் பன்னிரண்டாவது கோளாறு

12.11.1983, சனி, திருத்தணி

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தூக்கம் எங்கே வரும்?

அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லும் சோதனை நிரல், ஓட்டைகள் குத்திய ஒரு காகித நாடாவில் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. ஒரு மாதமாக அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. திங்கட்கிழமையும் ஓடாவிட்டால் மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். அதனால் நாடாவை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்தில் விரித்துவைத்திருந்தேன்.

சாயங்காலம் அம்மையார்குப்பத்திலிருந்து அக்காவும் அவள் வீட்டுக்காரர் பாவாவும் வந்தார்கள். பாவா தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை குத்துகிறவர். காப்பியைக்கூடத் தொடாமல் நாடாவை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இன்னாம்மா, வரிக்கு வரி ஓட்டை ரெட்டப்படையா வந்துகினு இருக்குது, இங்க மட்டும் ஒத்தப்படையா கீது?"

"அப்படி வரவே கூடாது பாவா!"

அவர் குண்டூசியால் நோண்டினார். அடைத்திருந்த ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. அக்கா முகர்ந்து பார்த்தாள்.

"சந்தனம்டி."

ஆயுத பூஜையன்று மெஷின்மேல் பொட்டு வைக்கக் கூடாது என்று மேலதிகாரி தடுத்துவிட்டார். மனசு கேட்காமல் நாடாவுக்கு வைத்தது நான்தான்.

திங்கட்கிழமை ஓடிவிடும் என்றுதான் நினைக்கிறேன். முருகா!

மெஷினின் கையேடு தாள் தாளாக உதிர்வதால் நோட்டில் பிரதி எடுத்துவருகிறேன். சோதனை பாதியில் நிற்பதற்கு அதில் பதினொரு காரணங்கள் இருக்கின்றன. பன்னிரண்டாவதாகச் சந்தனம் என்று இப்போதுதான் எழுதினேன். வைத்தது யார் என்று எழுதவில்லை.