விடியும்வரை வெள்ளிக்கிழமை

கமுதி
14.11.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

வள்ளி எழுதுவது. அய்யாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அண்ணி கேட்ட மிளகாய் வற்றலை மாசியில் அனுப்புகிறேன்.

கண்மாய்ப் பாசனச் சங்கத்துக்கு என் கம்ப்யூட்டர் கடையில் உங்கள் கம்பெனி புரோகிராமில்தான் தண்ணீர் முறைப் பட்டியல் அடித்துக் கொடுக்கிறேன். அதில் ஒரு பிழை. என் தோழி பூமயிலுக்கு முறை வெள்ளிக்கிழமை பின்னிரவில். விடியும்வரை நமக்கு வெள்ளிதானே? புரோகிராமோ பன்னிரண்டு மணிக்கே சனி என்கிறது. சனிக்கிழமை கீழமடைக்காரர்களுக்கு என்பதால் அவள் பெயரையே எடுத்துவிடுகிறது. பேனாவால் எழுதிச் சேர்த்தால் வேண்டியவளுக்குச் செய்தேன் என்பார்கள்.

மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லாமல் அவள் மிளகாய் நாற்று வாடுகிறது. "ஏத்தா, ஒன் பெட்டிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று நேற்றுக் கேட்டாள். எப்படித் திருத்துவது என்று எழுதுங்கள்.

தங்கை,
சண்முகவள்ளி

சென்னை
24.11.2006

அன்புத் தங்கை வள்ளிக்கு,

அதை எழுதியது நான்தான். ஆனால் மூலநிரல், அதாவது புரோகிராமை எழுதிய வரிகள், கம்பெனிச் சொத்து. வெளியே காட்டினால் வேலை போய்விடும். ஓர் ஊருக்காக மாற்ற முடியாது என்று மேலாளரும் சொல்லிவிட்டார். புதிய பதிப்பின் சிடி ஒன்றை யாருக்கும் தெரியாமல் அனுப்பியிருக்கிறேன். இலவசம்தான், வைத்துக்கொள்.

அண்ணன்,
ராமசுப்பிரமணியன்

கமுதி
1.12.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

சிடியைத் திருப்பி அனுப்புகிறேன். அதிலும் பன்னிரண்டு மணிக்கே விடிந்துவிடுகிறது.

நான் இலவசம் கேட்கவில்லை, அண்ணே. திருத்த வழி கேட்டேன். காசு கொடுத்து வாங்கிய பம்புசெட்டை மெக்கானிக் கூத்தையா கழற்றிப் பார்த்தால் யாரும் அவரைத் திருடன் என்பதில்லை. இதை எழுதியவர் நீங்கள். உங்களுக்கே அதில் கைவைக்க அனுமதி இல்லை. கோபம்கூட வரவில்லை, உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பூமயில் இப்போது என் கடைப்பக்கம் வருவதில்லை.

வள்ளி

சென்னை
22.12.2006

அன்புள்ள வள்ளிக்கு,

பாவம் என்று நீ எழுதியது உறைத்தது.

பழையதில் ஒரு வரியும் எடுக்காமல் வீட்டில் புதிதாக எழுதினேன். மேலாளரிடம் சொல்லி எழுத்திலேயே சம்மதம் வாங்கிவிட்டேன்; கண்மாய்ப் பட்டியலில் என்ன லாபம் என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். இந்தச் சிடியில் மூலநிரலும் இருக்கிறது. யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்த ஊருக்கும் கொடுக்கலாம். 'நாள் தொடக்கம்' என்ற வரியில் காலை ஆறு மணி போட்டிருக்கிறேன். பிழை இருந்தால் எழுது, திருத்தி அனுப்புகிறேன்.

பூமயிலிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

அண்ணன்

கமுதி
8.1.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நாற்றில் பாதி போய்விட்டது. மீதிக்கு இரண்டு வெள்ளிக்கிழமையாகத் தண்ணீர் பாய்கிறது. பட்டியலில் தன் பெயர் எங்கே என்று காட்டச் சொல்லி, பூமயில் அதை விரலால் தடவிப் பார்த்தாள். அண்ணிக்கு அவள் வற்றல்தான் வரும்.

உங்கள் பேரில் ஒரு குறை. ஆறு மணி என்பது சென்னைக் கணக்கு. இங்கே மடைக்கல்லில் வெயில் பட்டால்தான் முறை மாறும். மார்கழியில் அதற்கு ஆறே முக்கால் ஆகிறது. அந்த வரியைத் தேடிப் பிடித்து நானே மாற்றிவிட்டேன்.

உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
வள்ளி